சாட்சியில் விட்டுப்போன ஊசி

சாலமோன் அரசுப் பேருந்து ஓட்டுநர். வயது ஐம்பத்தொன்று. வீடு விக்கிரமசிங்கபுரத்தில். அவருடைய அப்பா நூல் மில்லில் வேலை பார்த்தவர். மகனையும் மில்லுக்குள் சேர்த்துவிட நினைத்தார். மகனுக்கு அந்தச் சத்தம் ஆகவில்லை. லாரியில் கிளீனராகப் போய், ஓட்டப் பழகி, இருபத்தெட்டாவது வயதில் அரசு வேலைக்கு வந்துவிட்டார். கடைசிப் பதினான்கு வருடம் மாஞ்சோலை வண்டி.

மலை வண்டியைக் கேட்டு வாங்குகிறவர்கள் குறைவு. வளைவுக்கு வளைவு ஸ்டியரிங்கை ஒடித்துத் திருப்ப வேண்டும். எதிரே ஜீப் வந்தால் இரண்டில் ஒன்று பின்னால் போயாக வேண்டும். சாலமோனுக்கு அது பிடித்திருந்தது. தேயிலை எஸ்டேட் ஆட்கள் வேலை முடிந்து மலையை விட்டே குடிபெயர்ந்த பிறகு பாதி இருக்கைகள் காலியாகவே போயின. அப்போதும் வேறு வண்டி கேட்கவில்லை.

போன வருடம் ஆவணி மாதத்தில் ஒரு காலை, செக்போஸ்ட் தாண்டி நாலாவது வளைவில், வலது கண்ணுக்குள் ஒரு கறுப்பு நூல் ஆடியது. முன் கண்ணாடியில் பூச்சி அடித்திருக்கிறது என்று வைப்பரைப் போட்டார். நூல் போகவில்லை. கண்ணை மூடினால் மூலையில் மின்னல் வெட்டியது.

யாரிடமும் சொல்லவில்லை. ஓட்டுநர் கண் என்று வாயைத் திறந்தால் டிப்போவில் மருத்துவப் பரிசோதனைக்கு எழுதிவிடுவார்கள். அந்தக் காகிதம் திரும்பி வரும்வரை ஸ்டியரிங்கைத் தொட முடியாது. தோற்றுவிட்டால் அலுவலகத்தில் மாற்றுப் பணி. ஒன்பது நாள் அப்படியே ஓட்டினார். பிறகு வலது ஓரத்தில் திரை மாதிரி ஒரு இருட்டு ஏறி வந்தது. கண் சிவந்தது, வலித்தது. ஓரம் தெரியாததால் தலையைத் திருப்பிப் பார்க்க வேண்டியிருந்தது.

கண்டக்டர் தில்லைநாயகம் அவரோடு ஏழு வருடமாகப் போகிறவர்.

"என்னவே, கோழி மாதிரி தலையைத் திருப்பித் திருப்பிப் பாக்கீரு?"

"கழுத்துப் பிடிப்பு."

"கழுத்துப் பிடிப்புக்குக் கண்ணு எதுக்குவே செவக்கு?"

மறுநாள் காலை வண்டியை எடுக்கும் நேரத்தில் தில்லைநாயகம் கீழேயே நின்றார். விசிலைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

"இன்னிக்கி நீரு சீட்டுல உக்காந்தீர்னா நான் விசில் ஊத மாட்டேன். நீரும் வண்டியும் இங்கனயே கெடங்க."

"வெளையாடாதேயும்வே. ஆளு ஏறியாச்சு."

"ஆளு ஏறுனதுனாலதான் சொல்லுதேன்."

வண்டிக்குள் பதினோரு பேர் இருந்தார்கள். வேறு ஓட்டுநரை வரவழைத்துத்தான் வண்டி கிளம்பியது. சாலமோன் வீட்டுக்குப் போய் மனைவி ரீபாவை அழைத்துக்கொண்டு திருநெல்வேலிக்கு பஸ் ஏறினார். ரீபா ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தர். கண் சிவப்பைப் பற்றி அவள் கேட்டபோதெல்லாம் தூசி என்று சொல்லியிருந்தார்.

கண் ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து விட்டு இரண்டு மணி நேரம் உட்கார வைத்தார்கள். டாக்டர் அஃப்ராவுக்கு நாற்பது வயதிருக்கும். தலையில் விளக்கை மாட்டிக்கொண்டு, மேலே பார், கீழே பார் என்று நெடுநேரம் பார்த்தார். பிறகு இமையின் மேல் விரலை வைத்து லேசாக அமுக்கினார்.

"விழித்திரை பிரிஞ்சிருக்கு. சுவர்ல ஒட்டின பேப்பர் உரிஞ்சு தொங்குத மாதிரி. ஆபரேஷன் பண்ணித்தான் ஒட்டணும். ஆனா இன்னிக்கே பண்ண முடியாது. அதுக்குப் பின்னால உள்ள படலமும் நீர் கோத்து வீங்கிக் கெடக்கு. கண்ணுல அழுத்தமே இல்ல."

"காத்து எறங்குன டயர் மாதிரியா?"

"அதே மாதிரிதான். இந்த நிலையில அறுத்தா உள்ள தழும்பு கட்டி, ஒட்டுனது மறுபடி உரிஞ்சிரும். அதனால இன்னிக்கி கண்ணுக்குள்ள ஒரு ஸ்டீராய்டு ஊசி போடுதேன். வீக்கம் வடியட்டும். அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை காலைல ஏழு மணிக்கு ஆபரேஷனுக்கு வந்துருங்க."

"ஊசியிலயே ஒட்டிக்கிடாதா?"

"ஒட்டாது. வலி போயிரும், செவப்பு போயிரும். முன்னைக்குக் கொஞ்சம் நல்லாக்கூடத் தெரியும். அதைப் பாத்துட்டு வராம இருந்துறாதீங்க. சில பேரு இருந்துருதாங்க."

"வண்டி எப்போ ஓட்டலாம்?"

"மொதல்ல கண்ணு இருக்கட்டும். பெறவு வண்டியைப் பாப்போம்."

மேஜையில் படுக்க வைத்து, மரத்துப்போகும் மருந்து விட்டு, முகத்தைத் துணியால் மூடினார்கள். இமைகளை ஒரு சிறிய கம்பி விரித்துப் பிடித்தது. அசையாதீங்க என்று டாக்டர் இரண்டு முறை சொன்னார். குத்தியது தெரியவில்லை. யாரோ கட்டைவிரலால் அமுக்கியது போல இருந்தது. அதன் பிறகு, மிச்சமிருந்த கலங்கலான பார்வையில், பொடிப்பொடியாக ஏதோ மேல்நோக்கிப் போவதைப் பார்த்தார்.

"தேயிலைத் தூள் மாதிரி மேல போகுது டாக்டர்."

"அதுதான் மருந்து. அது கீழதான் எறங்குது. உள்ள விழுறது நமக்குத் தலைகீழாத் தெரியும்."

அது திங்கட்கிழமை. புதன்கிழமை வலி குறைந்தது. வெள்ளிக்கிழமை சபையில் உபவாச ஜெபம். சாலமோனும் ரீபாவும் சாப்பிடாமல் போனார்கள். கண்ணில் கோளாறு, செவ்வாய்க்கிழமை ஆபரேஷன் என்று மட்டும் சொல்லியிருந்தார். ஊசி போட்டதைச் சொல்லவில்லை. கண்ணுக்குள் ஊசி என்றால் விஷயம் பெரிது என்று டிப்போ வரைக்கும் பேச்சுப் போகும் என்ற பயம். உபதேசியார் எபி, தன்னைவிடப் பதினைந்து வயது மூத்தவரின் தலையில் கை வைத்து ஜெபித்தார். சுற்றி நின்றவர்களும் கைகளை நீட்டி ஜெபித்தார்கள்.

சனிக்கிழமை காலை பல் தேய்க்கும்போது இடது கண்ணை மூடிப் பார்த்தார். வாரம் முழுக்கப் புகையாக மட்டும் தெரிந்த கை, விரல் விரலாகத் தெரிந்தது. ஐந்து விரல். மறுபடி எண்ணினார். கண்ணாடியில் சிவப்பு இல்லை. ரீபாவைக் கூப்பிட்டார். அவள் வந்து பார்த்துவிட்டு, "நல்லதுதான், செவ்வாய்க்கிழமை டாக்டர்ட்ட சொல்லுங்க" என்று அடுப்புக்குப் போய்விட்டாள்.

அந்தச் சபையில் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் இரண்டாம் பாட்டு முடிந்ததும் சாட்சி சொல்ல நேரம் கொடுப்பார்கள். நன்மை பெற்றவர்கள் எழுந்து நின்று இரண்டு நிமிடம் பேசிவிட்டு, ஸ்தோத்திரக் காணிக்கைக் கவரைத் தட்டில் வைப்பார்கள். மருந்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பேசக் கூடாது என்று யாரும் சொன்னதுமில்லை. மஞ்சள் காமாலையில் பதினைந்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தவரும், கர்த்தர் என்னைத் தூக்கி நிறுத்தினார் என்று தொடங்கி அதிலேயே முடித்துக்கொள்வார். அவர் கிடந்ததைச் சபையில் பாதிப் பேர் போய்ப் பார்த்திருப்பார்கள். குளுக்கோஸ் பாட்டில் ஏற்றியதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

சாலமோனுக்கு ஏறிய மருந்தை யாரும் பார்த்திருக்கவில்லை. எழுந்து நின்றார்.

"வெள்ளிக்கிழமை எல்லாரும் எனக்காக ஜெபம் பண்ணுனீங்க. சனிக்கிழமை காலைல கண்ணைத் தொறந்தேன், என் வெரலு தெரியுது. வலி இல்ல. செவ்வாய்க்கிழமை ஆபரேஷன்னு சொல்லியிருந்தாங்க. இனி அதுக்குத் தேவையில்ல. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்."

ஆபரேஷனைப் பற்றிய இரண்டு வாக்கியங்களை அவர் யோசித்து வைத்திருக்கவில்லை. நின்ற வேகத்தில் வந்துவிட்டன. சபை அல்லேலூயா என்றது. பெண்கள் பக்கத்தில் ரீபா தலைகுனிந்து பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து ரீபா சோறு போடும்போது கேட்டாள்.

"ஊசி எங்க போச்சு?"

"எந்த ஊசி?"

"சாட்சியில."

"சாட்சியில எதுக்கு ஊசி?"

"வலி போயிரும், கொஞ்சம் தெரியும்னு டாக்டரம்மா சொல்லித்தான விட்டாங்க? நானும் பக்கத்துலதான இருந்தேன். அவங்க சொன்னது நடந்திருக்கு. பாதி வேலைதான் முடிஞ்சிருக்கு."

"அப்போ ஜெபம் பண்ணுனது ஒண்ணும் இல்லயா?"

"நானும்தான் பட்டினி கெடந்தேன். ஆபரேஷன் நல்லா நடக்கணும்னு கேட்டேன். நீங்க ஆபரேஷனே வேண்டாம்னுட்டு வாறீங்க."

அவர் குழம்பு ஊற்றச் சொன்னார். அவள் ஊற்றினாள்.

திங்கட்கிழமை காலை டிப்போவுக்குப் போனார். வேலைக்கு எப்போது வரலாம் என்று கேட்டுவைக்கத்தான் போனார். தில்லைநாயகம் அன்று மதிய ஷிப்ட். ஓரமாக நிறுத்தியிருந்த ஒரு வண்டிக்குள் உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தார்.

"நல்லாயிட்டுவே. ஆபரேஷன் வேண்டாம்."

"டாக்டர் சொன்னாங்களா?"

"எனக்கே தெரியுது."

"அப்படின்னா வாரும். நானே பரீட்சை வைக்கேன்."

தில்லைநாயகம் கையைக் கழுவிவிட்டு அவரை ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்தார். டிக்கெட் மெஷின் உறையைக் கொடுத்து இடது கண்ணை மூடச் சொன்னார்.

"நேரா அந்தச் சுவத்தையே பாரும். கண்ணை உருட்டுனா எனக்குத் தெரிஞ்சிரும். நான் எறங்கி வலது பக்கமா வாறேன். ஆளு தெரிஞ்சதும் சொல்லும்."

சாலமோன் சுவரைப் பார்த்தார். சுவர் தெரிந்தது. சுவரில் எழுத்து இருப்பது தெரிந்தது, என்ன எழுத்து என்று தெரியவில்லை. காத்திருந்தார்.

"வாரும்வே. எவ்வளவு நேரம்?"

"வந்தாச்சு."

குரல் ஜன்னலுக்குக் கீழேயே கேட்டது.

"எப்போ வந்தீரு?"

"வந்து கையை ஆட்டிக்கிட்டு நிக்கேன்வே. பல்லையும் காட்டுதேன். ஒரு மரியாதைக்காவது சிரிக்கக் கூடாதா?"

சாலமோன் தலையைத் திருப்பினார். ஒரு முழத் தூரத்தில் தில்லைநாயகம் கையைத் தூக்கியபடி நின்றார். முகத்தில் சிரிப்பு இல்லை. இன்னொரு முறை செய்து பார்த்தார்கள். இரண்டாவது முறையும் அந்தப் பக்கம் ஆள் இல்லை.

"நானா இருந்தாப் பரவால்ல" என்றார் தில்லைநாயகம். "எட்டாவது வளைவுல ஜீப் வந்தா அது கையை ஆட்டாது. நாளைக்குத்தான ஆபரேஷன்? போயிட்டு வாரும்."

"சபையில வேண்டாம்னு சொல்லிட்டேன்வே. எல்லாருக்கும் முன்னால."

"சொன்னதை மாத்திச் சொல்லும். நான் தெனமும் சில்லறை இல்லம்பேன், பெறவு எடுத்துக் குடுப்பேன். என்னை யாரு தூக்குல போட்டா?"

சாலமோனுக்கு அது அவ்வளவு லேசாகப் படவில்லை. சொன்னது சபையில். ஒரு மாதம் பொறுத்து, மெதுவாகப் பேச்சு அடங்கியதும் போய்ப் பண்ணிக்கொள்ளலாமா என்று யோசித்தபடி சைக்கிளில் வந்தார். தெருமுனையில் டெபோரா டீச்சர் கேட்டருகில் நின்றிருந்தார். எழுபத்து மூன்று வயது. தொடக்கப் பள்ளியில் அவருக்குப் பாடம் நடத்தியவர். கண் அழுத்த நோய்க்கு நான்கு வருடமாகச் சொட்டு மருந்து விடுகிறவர்.

"லே சாலமோன், நில்லு. உன் சாட்சியைப் பத்தித்தான் நேத்துல இருந்து நெனச்சுக்கிட்டு இருக்கேன்."

"அப்படியா டீச்சர்."

"நானும் நாலு வருசமா ஊத்திக்கிட்டுக் கெடக்கேன். எனக்கு விசுவாசம் பத்தலயோன்னு தோணிட்டு. நேத்து ராத்திரியோட சொட்டு மருந்தை நிப்பாட்டிட்டேன்."

சாலமோன் சைக்கிளை விட்டு இறங்கினார்.

"இன்னிக்கிக் காலைல?"

"ஊத்தல."

"போய் ஊத்துங்க டீச்சர்."

"ஏம்லே?"

"எனக்குக் கண்ணுக்குள்ள ஊசி போட்டிருந்தாங்க. போன திங்கக்கிழமை. வீக்கம் வடியுததுக்கு. அது வடிஞ்சிருக்கு, அவ்வளவுதான். இன்னும் பாதிப் பக்கம் தெரியல. இப்போதான் டிப்போவுல பாத்துட்டு வாறேன்."

"நேத்து நீ ஊசின்னே சொல்லலயே."

"சொல்லல."

டீச்சர் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"மூணாங் கிளாஸ்லயும் நீ இப்படித்தான். வழியை எழுத மாட்டே, விடையை மட்டும் எழுதி வைப்பே. அப்போ நான் அடிச்சது பத்தல."

"ஊத்துங்க டீச்சர். நான் நிக்கேன்."

அவர் உள்ளே போனார். சாலமோன் கேட்டைப் பிடித்தபடி நின்றார். கொஞ்ச நேரம் கழித்து உள்ளிருந்து குரல் வந்தது.

"ஊத்திட்டேன். நீ போ."

சாயங்காலம் உபதேசியார் எபியின் வீட்டுக்குப் போனார். மறுநாள் ஆபரேஷனுக்குப் போவதாகச் சொன்னார். ஊசியையும், டீச்சர் சொட்டு மருந்தை நிறுத்தியதையும் சொன்னார்.

"நல்லபடியாப் போயிட்டு வாங்கண்ணே. நானும் ஜெபம் பண்ணுதேன்."

"ஞாயித்துக்கிழமை சொன்னதுக்கு?"

"அதை எங்கிட்டயா சொன்னீங்க? சபைக்கு முன்னால சொன்னீங்க. அங்கனதான் திருத்தணும். டீச்சர் மாதிரி இன்னும் யாரு யாரு இருக்காகளோ."

செவ்வாய்க்கிழமை டாக்டர் அஃப்ரா முதலில் இமையின் மேல் விரலை வைத்துப் பார்த்தார். கண்ணில் அழுத்தம் திரும்பியிருந்தது. வீக்கம் வடிந்து, பின்படலம் பழைய இடத்துக்குப் போயிருந்தது. ஊசி தன் வேலையைச் செய்திருக்கிறது, இனி நம்ம வேலை என்றார். கண்ணை மட்டும் மரக்க வைத்து இரண்டு மணி நேரம் ஆபரேஷன் நடந்தது. விழித்திரையை ஒட்ட வைத்து, அது நகராமலிருக்கக் கண்ணுக்குள் வாயுவை நிரப்பினார்கள்.

அதற்கு இரண்டு நிபந்தனைகள். பத்து நாள் தலையைக் குனிந்தே இருக்க வேண்டும். சாப்பிடும்போதும் நடக்கும்போதும் தூங்கும்போதும் முகம் தரையைப் பார்க்க வேண்டும். வாயு கரையும்வரை மலை ஏறக் கூடாது.

"மேல ஏற ஏற அந்த வாயு உள்ள விரியும். கண்ணுல அழுத்தம் கூடி இருக்கிற பார்வையும் போயிரும்."

"நான் மாஞ்சோலை வண்டி டிரைவர் டாக்டர்."

"அந்த வண்டிய வேற யாராவது ஓட்டட்டும்."

ஐந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. ரீபா அவருடைய முழங்கையைப் பிடித்துச் சபைக்குக் கூட்டிப்போனாள். கண்ணில் கட்டு, மோவாய் நெஞ்சில் முட்ட நடந்தார். வழியில் எதிர்ப்பட்டவர்களின் செருப்பைத்தான் அவரால் பார்க்க முடிந்தது. வெட்கத்தில் குனிந்து போகிறார் என்று சிலர் நினைத்துக்கொண்டார்கள். ஒருவர், "மனசை விட்டுறாதீங்க அண்ணாச்சி" என்று தோளைத் தட்டினார். டாக்டர் குனியச் சொல்லியிருக்காங்க என்று அவர் தரையைப் பார்த்துச் சொன்னார்.

இரண்டாம் பாட்டு முடிந்தது. எழுந்து நின்றார். தலை குனிந்தே இருந்தது. சத்தம் போதாமல் கொஞ்சம் உரக்கப் பேசினார்.

"போன வாரம் சொன்ன சாட்சியில ஒண்ணை விட்டுட்டேன். அதுக்கு முந்தின திங்கக்கிழமை எனக்குக் கண்ணுக்குள்ள ஸ்டீராய்டு ஊசி போட்டாங்க. அதுலதான் வலி போச்சு. வெரலு தெரிஞ்சதும் அதுலதான். ஆபரேஷன் தேவையில்லன்னு நான் சொன்னது தப்பு. செவ்வாய்க்கிழமை ஆபரேஷன் நடந்திச்சு. பார்வை எவ்வளவு வரும்னு இன்னும் தெரியாது. என் சாட்சியைக் கேட்டு யாராவது மருந்தை நிப்பாட்டியிருந்தா இன்னிக்கே ஆரம்பிச்சிருங்க. உங்க ஜெபத்துக்கு நன்றி. இன்னும் பண்ணுங்க."

எந்த இடத்தில் அல்லேலூயா சொல்வது என்று சபைக்குத் தெரியவில்லை. ஊசிக்குச் சொல்வதா, தப்பு என்றதற்குச் சொல்வதா? முன் வரிசையில் டெபோரா டீச்சர் ஆமென் என்றார். பிறகு மற்றவர்களும் சொன்னார்கள். ஆராதனை முடிந்து வெளியே வரும்போது, சர்க்கரை மாத்திரையை நிறுத்தியிருந்த ஒருவர் உபதேசியாரிடம் தனியாகப் பேசிக்கொண்டு நின்றார்.

வாயு கரைய ஏழு வாரம் ஆயிற்று. கறுப்பு விளிம்புள்ள ஒரு குமிழி நாளுக்கு நாள் சிறுத்து, ஒரு நாள் மிளகளவாகி, மறுநாள் இல்லை. மூன்றாம் மாதம் டாக்டர் அஃப்ரா கடைசியாகச் சோதித்தார். விழித்திரை நன்றாக ஒட்டியிருந்தது. வலது ஓரத்துத் திரை போய்விட்டது. எழுத்துப் பலகையில் மேலிருந்து மூன்று வரி படித்தார். நாலாவது வரி நெளிந்தது. பார்வை மையத்தில் பட்ட அடி அவ்வளவுதான் தேறும், பிந்தி வந்ததால் அது என்றார் டாக்டர். எத்தனை நாள் மறைத்தார் என்பதை அவர் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. பெரிய வண்டிக்குத் தகுதி இல்லை என்று எழுதிக் கொடுத்தார். மலை வண்டிக்கும் இல்லை, டவுண் வண்டிக்கும் இல்லை.

ரீபாவுக்கு அன்று லீவு கிடைக்கவில்லை; பள்ளிக்கூடம் விட்டு வந்து வீட்டில் காத்திருந்தாள்.

"என்ன சொன்னாங்க?"

"ஒட்டிக்கிட்டுன்னு சொன்னாங்க."

"வண்டி?"

"வண்டி இல்ல. டிப்போவுல டைம் ஆபீஸ் எழுத்து வேலையில போடுவாங்க."

அவள் அவர் கையிலிருந்த காகிதத்தை வாங்கிப் படித்தாள். இரண்டு முறை படித்துவிட்டு மடித்து ஆஸ்பத்திரி ஃபைலுக்குள் வைத்தாள்.

"இதையும் ஞாயித்துக்கிழமை எந்திரிச்சுச் சொல்லப் போறீங்களா?"

"சொல்லத்தான வேணும். பார்வை எவ்வளவு வரும்னு தெரியாதுன்னு சொல்லி வச்சிருக்கேன். கேப்பாங்கல்லா?"

"சொல்லுங்க. ஆனா சுருக்கமாச் சொல்லுங்க. போன தடவை உங்களால பிரசங்கம் கால் மணி நேரம் பிந்திட்டு. வீட்டுல எல்லாருக்கும் சோறு ஆறிப்போச்சாம்."

"மூணு வரி தெரியுது, நாலாவது தெரியலன்னு சொல்லுதேன். போதுமா?"

"போதும்" என்றாள்.